சேர்மனுக்குத் தாடி முளைத்த வருஷம்

தேர்தல் முடிந்து, ஓட்டு எண்ணி, வெடி போட்டவர்கள் போட்டு, முக்காடு போட்டவர்கள் போட்டு, எல்லாம் ஓய்ந்த பிறகு, வேலங்குறிச்சி பஸ் ஸ்டாண்டு முக்கில் நாற்பத்தெட்டு நாளாகச் சாக்குக்குள் நின்றுகொண்டிருந்த சேர்மன் மாசிலாமணியின் சிலையை நகராட்சி ஆட்கள் பிரித்தபோது, அவருக்குத் தாடி முளைத்திருந்தது. சிமெண்டுத் தாடி இல்லை, மயிர். நரையும் கறுப்பும் கலந்து, சட்டையில் செதுக்கியிருந்த இரண்டாவது பொத்தான் வரைக்கும் தொங்கி, பஸ் கிளம்பும்போது வருகிற காற்றில் ஆடியது. சாக்கைப் பிரித்தவன் ஏணியில் நின்றபடியே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கயித்தைச் சுத்தி வையிடே, அடுத்த தேர்தலுக்கு ஆகும்" என்று கீழே நின்றவனிடம் சொன்னான்.

தேர்தல் வந்தால் தலைவர்கள் சிலையை மூடவேண்டும் என்று விதி இருக்கிறது. சேர்மன் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது, அவர் இருந்த கட்சி மூன்றாக உடைந்து மூன்றும் எங்கேயோ கரைந்துபோய்விட்டது, இருந்தாலும் எதற்கு வம்பு என்று அதிகாரிகள் ஒவ்வொரு தடவையும் அவரையும் சேர்த்து மூடிவிடுவார்கள். இந்தத் தடவை சாக்குக்குள் அவர் சும்மா நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு நாள் வேலைவெட்டியை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தோம். மூன்றாம் நாள் பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைத் "தாடிக்காரர்" என்று கூவத் தொடங்கினார்கள். தோற்ற கட்சிக்காரர்கள், ஊர் போகிற போக்கைப் பார்த்து விரக்தியில் வளர்க்கிறார் என்றார்கள். ஜெயித்த கட்சிக்காரர்கள், வேண்டுதல் நிறைவேறியும் மொட்டை போட மறந்துவிட்டார் என்றார்கள். மீசை சரியாக அரும்பாத பையன்கள் பரீட்சைக்குப் போகிற மாதிரி குளித்துவிட்டு வந்து பீடத்தைத் தொட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு சிட்டுக்குருவி அதிலிருந்து மயிர் உருவிக்கொண்டு போய் டிக்கெட் கவுண்டர் பரணில் கூடு கட்டியது. பீடத்தின் அடியில் பூ விற்கிற மாடத்தி மட்டும், "பாவம், அரிக்குமே" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். எங்களில் யாரும் சேர்மனைத் தாடியோடு பார்த்ததில்லை. உயிரோடு இருந்த காலத்தில் காலை எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டையோடு தெருவில் இறங்கும்போது அவர் கன்னம் கழுவிய கத்தரிக்காய் போல மினுங்கும். குடிதண்ணீர்த் தொட்டி, பெண்கள் பள்ளிக்கூடம், இந்தப் பஸ் ஸ்டாண்டு, எல்லாம் அவர் அலைந்து கொண்டுவந்ததுதான். எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதிலும் அவர் இல்லாமல் இருந்ததில்லை. அவர் வீட்டில் நடந்த எதிலும் அவர் இருந்ததில்லை. நானூறு கல்யாணத்தில் முன்னின்று தாலி எடுத்துக் கொடுத்தவர், தன் ஒரே மகள் தங்கபுஷ்பத்தின் கல்யாணத்தை வருகிற தையில் பார்ப்போம், வருகிற தையில் பார்ப்போம் என்று சொல்லியே அவளுக்கு நாற்பத்திரண்டு வயதை ஆக்கிவிட்டுச் செத்துப்போனார். அப்போது நாங்கள் ஊரே திரண்டு அழுதோம். அழுத வேகத்தில் சிலையும் வைத்தோம். தங்கபுஷ்பம் அக்கா வீட்டுக்கு ஒருநாள் போய் எட்டிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சலூன் பூலிங்கத்தை அழைத்துவந்து ஏணியில் ஏற்றினார்கள். பிளேடு தாடியின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. கத்தரிக்கோல் வாயைத் திறந்து மூடியது, ஒரு மயிர் விழவில்லை. பூங்காவில் செடி வெட்டுகிற பெரிய கத்தரியைக் கொண்டுவந்தார்கள், அதன் பிடிதான் உடைந்தது. பூலிங்கம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

"அவுக கத்தி இருந்தாக் கொண்டாந்து பாருங்க. ஆயுசுல ஒருநாளும் அவுக முகத்தை எங்க கையில குடுத்ததில்ல. எங்கப்பாவுக்கே குடுத்ததில்ல. எனக்கா குடுக்கப் போறாக?"

நகர்மன்றம் அவசரமாகக் கூடி, சிலை நகராட்சியின் சொத்து, தாடி வாரிசுதாரரின் பொறுப்பு என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பியூன் பிள்ளையார்கோயில் தெருவுக்குப் போனபோது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற தங்கபுஷ்பம் அக்கா, மதியத்துக்கு ஒரு ஆள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பியூனுக்கு மோர் கொடுத்தாள். அந்த வீட்டுக்கு ஆள் வந்து ஏழு மாதம் ஆகியிருந்ததாக அவள் சொன்னாள் என்று அவன் பிறகு எங்களிடம் சொன்னான்.

கத்தி பின்கட்டு அறையில், ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. கறுப்புப் பிடிக்குள் மடங்கிக்கொள்கிற பழைய சவரக்கத்தி, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மஞ்சள் கல், வெடித்துப்போன ஒரு தோல் வார். கத்தியில் துரு பூத்திருந்தது. அக்கா துருவைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாள். பிறகு எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் மழுங்கின கத்திக்கு என்ன செய்வாளோ அதைச் செய்தாள்: ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிவட்டத்தில் மெருகு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கிற விளிம்பில், காய் நறுக்குகிற கத்தியைப் போலவே முதுகைத் தூக்கிப் பிடித்து, சர் சர் என்று பத்து இழுப்பு இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவிளக்கு ஏணியில் ஏறி, சோப்பு நுரை பூசி, அப்பாவின் கன்னத்தில் கத்தியை வைத்தாள். பிடித்தது. பூலிங்கத்துக்கு வழுக்கின தாடி அவளுக்குக் கொத்துக் கொத்தாக வந்தது. ஆனால் வலிக்க வலிக்க, பிடுங்கிக்கொண்டு வந்தது. மோவாயில் ஒரு இடத்தில் கத்தி எகிறி வெட்டிவிட, கொஞ்சம் சிமெண்டுத் தூள் உதிர்ந்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது. மாடத்தி கோயில் சந்தனத்தை விரலில் எடுத்து ஏணியில் பாதி ஏறி நீட்டினாள், அக்கா அதை வெட்டில் அப்பினாள். அறுபத்தொரு வயதில் தன் அப்பாவின் முகத்தை அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகத் தொட்டாள் என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் அறியவில்லை. திங்கட்கிழமை காலையில் தாடி மறுபடி இரண்டாவது பொத்தானுக்கு வந்துவிட்டது.

சந்தனம் அப்பின அந்த வெட்டை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனவள், ஜாடியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டுக் கல்லை எடுத்தாள். கல்லில் எப்படித் தீட்டுவது என்று அவளுக்குத் தெரியாது. பூலிங்கத்துக்கும் தெரியாது, அவன் பிளேடு மாட்டுகிற ஆள். ஆனால் அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் தினமும் காலையில் அப்பா பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், உள்ளேயிருந்து கத்தி தீட்டுகிற சத்தம் வரும், முக்கால் மணி நேரம் வரும். "அப்பா சவரம் பண்ணப் போறாக, தட்டக்கூடாது" என்று அம்மா விரலை உதட்டில் வைப்பாள். குழந்தை கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இந்தச் சத்தம் நிற்கக்கூடாது, நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கும். ஏனென்றால் சத்தம் நின்றால் சவரம், சவரம் முடிந்தால் வெள்ளைச் சட்டை, சட்டை போட்டால் கிளம்பிவிடுவார், பிறகு அவள் தூங்கினபிறகுதான் வருவார்.

எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது, அந்தப் பக்கத்து ஊரில் மழை பெய்கிறதா இல்லையா என்பதை லைன் இரைச்சலை வைத்தே சொல்லக்கூடிய காது அவளுக்கு. அந்தக் காதை நம்பித்தான் தீட்டக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். முதுகைத் தூக்கினால் தகரத்தில் நகம் கீறுகிற சத்தம் வந்தது. அப்பாவுடைய சத்தம் அது இல்லை. முதுகைச் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள், கடைசியில் கத்தியை முழுசாகப் படுக்கவைத்து, முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லில் படியும்படி வைத்துத் தள்ளியபோது கீறல் போய்ச் சரசரப்பு வந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தாள், சத்தம் செவிடாகிவிட்டது. கல்லைக் கழுவிவிட்டுத் தண்ணீர் தெளித்தாள், கொஞ்சம் கிட்டே வந்தது. தள்ளிவிட்டுத் திருப்பும்போது வாய்ப் பக்கமாகப் புரட்டினாள், கல்லில் இடித்துக் கத்தி பல் உடைந்தது. அந்தப் பல்லைத் தீட்டித் தீர்க்க ஒரு வாரம் போனது. அப்புறம் முதுகைக் கல்லிலேயே வைத்துக்கொண்டு அதன்மேல் உருட்டித் திருப்பக் கண்டுபிடித்தாள். அழுத்தினால் கத்தி முனகியது, கையை லேசாக்கினால் பாடியது. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை. பின்கட்டில் தன்னந்தனியாக ஸ்டூலில் உட்கார்ந்து, ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்தின ஒரு சத்தத்தை நோக்கி, வழி கேட்க ஆளில்லாத ஊரில் நடப்பவளைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக நடந்தாள்.

சத்தம் கிட்டே வரவரத் தாடி தாமதமாக வந்தது. மூன்று நாளில் வந்தது ஐந்து நாள் எடுத்தது. ஐந்து ஒன்பதாயிற்று. ஒன்பது பதினாறாயிற்று. ஆனாலும் அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், தாடி அரை விரற்கடை இருந்தாலும் ஏறினாள். முதலில் ஊரே நின்று பார்த்தது. பிறகு பாதி ஊர். ஆடி மாதத்துக்குள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஏணிக்கு அடியில் குனிந்து போனோம். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. நுரை பூசிக்கொண்டே அப்பாவிடம் பேசுவாள்.

"பத்தாங்கிளாஸ் பரிசு வாங்கினப்ப மேடையில நீங்கதான் பரிசு குடுத்தீக. அடுத்த பிள்ளை பேரைக் கூப்பிடுத மாதிரியே என் பேரையும் கூப்பிட்டீக. ஞாபகம் இருக்கா?" என்பாள். "அம்மா போன அன்னைக்குத் தண்ணித் தொட்டி தெறப்பு விழா. கொள்ளி வைக்க நேரமாகுதுன்னு நாந்தான் எக்ஸ்சேஞ்சிலருந்து ஊர் ஊரா லைன் போட்டுத் தேடினேன்" என்பாள். கோபமாகத்தான் தொடங்குவாள். ஆனால் கத்தி காதோரம் இறங்கி மேலுதட்டுக்கு வரும்போது, கோபத்தோடு அந்த இடத்தைச் சிரைக்க முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூக்கை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கவேண்டும். அந்த நேரத்தில் குரல் இறங்கிவிடும். கீழே பூக் கட்டிக்கொண்டிருந்த மாடத்திக்கு எல்லாம் கேட்கும், கேட்காதது போல நாரைக் கடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு இவ்வளவும் தெரிவது மாடத்தி சொல்லித்தான்.

ஒருநாள் பூலிங்கம் கத்தியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"யக்கா, இது என்னக்கா இப்படித் தேஞ்சு கிடக்கு? இந்தச் சாதிக் கத்தி கட்டைவிரல் அகலம் இருக்கும். இது சுண்டுவிரல் அளவுகூட இல்ல."

"தினமும் முக்கால் மணி நேரம் தீட்டுவாகளே."

"தினமுமா? வாரத்துல ஒருநாள் நாலு தேய்ப்பு, மத்த நாள்ல வார்ல இழுத்தாப் போதும்னு எங்கப்பா சொல்லுவாரு. தினமும் தீட்ட இது என்ன அரிவாளா?"

அக்கா கத்தியை வாங்கிக்கொண்டாள்.

ஆவணி பிறக்கும்போது நகராட்சி ஆணையர் அக்கா வீட்டுக்கே வந்தார். சேர்மனுக்கு நூறாவது பிறந்தநாள் வருகிறது, திங்கட்கிழமை விழா, பெரிய பெரிய ஆட்கள் மாலை போட வருகிறார்கள். "இன்னும் ஒரு தடவை நல்லாத் தீட்டினீங்கன்னா அதோட நின்னுரும் போலிருக்கு, மேடம். வெள்ளிக்கிழமை பண்ணிருங்க. எங்க எல்லார்க்கும் நிம்மதி" என்றார். ஒரு கடிதமும் கொடுத்தார். விழா அன்று தாடி தென்பட்டால் சிலை பீடத்திலிருந்து அகற்றப்படும், நன்கொடையாளர்கள் தயாராக வைத்திருக்கிற வெண்கலச் சிலை அங்கே நிறுவப்படும் என்று அதில் இருந்தது. அக்கா அதற்குமேல் படிக்கவில்லை. நன்றாகத் தீட்டினால் அப்பா வெறும் சிமெண்டாகிவிடுவார், வெள்ளிக்கிழமைகள் போய்விடும். தீட்டாவிட்டால் சிலையே போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் அவள் மறுபடி ஒரு ஆள் சோறுதான். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த குழந்தைக்கு வந்த அதே பயம் அவளுக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை பின்கட்டில் கல்லோடு உட்கார்ந்தாள். காற்றில் கதவு திறந்து திறந்து மூடியது. சத்தத்தைச் சரியாகக் கேட்கவேண்டும் என்று எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போடக் கையை வைத்தாள். தாழ்ப்பாள் இல்லை. மேலே தடவினாள், கீழே தடவினாள். எப்போதோ இருந்து கழன்றுபோனதற்கான ஆணி ஓட்டைகூட அந்தக் கதவில் இல்லை. தச்சன் செய்தபடியே பலகை வழவழவென்று இருந்தது. இவ்வளவு வருஷமும் அந்தக் கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்திருக்கிறது.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தீட்டினாள். பத்து, இருபது. முப்பதாவது தேய்ப்பில் அந்தச் சத்தம் வந்தது. ஈரத்துணியைப் பட்டுப்பாயில் இழுக்கிற மாதிரி, அதே சத்தம், துளி மாற்றமில்லை. முன்கை மயிரில் கத்தியைக் காட்டினாள், தொடுவதற்கு முன்பே உதிர்ந்தது. முப்பது தேய்ப்பு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்படியென்றால் மீதி நேரமெல்லாம் இந்த மனுஷன் தினமும் இங்கே உட்கார்ந்து, தீட்டவேண்டிய தேவையே இல்லாத கத்தியைத் தீட்டித் தீட்டி, சுண்டுவிரல் அகலத்துக்குத் தேயவைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தார்? சத்தம் நின்றால் கிளம்பவேண்டும். கிளம்ப மனசில்லாத ஒரு ஆள் கதவுக்கு அந்தப் பக்கம், நின்றுவிடக்கூடாதே என்று ஒரு குழந்தை கதவுக்கு இந்தப் பக்கம். தட்டக்கூடாது என்றுதானே அம்மா சொன்னாள். தள்ளக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அக்கா கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள், யாரும் வரவில்லை.

அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவி, ஆணையரின் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படித்தாள். "அகற்றப்படும் பழைய சிலையை வாரிசுதாரர் விரும்பினால் எடுத்துச் செல்லலாம்; தவறினால் உரக்கிடங்கில் வைக்கப்படும்" என்று இருந்தது. அந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கி, கவிழ்த்துப் போட்டு, மூன்று மாதம் பாடுபட்டுத் தீட்டின கத்தியை அதன் விளிம்பில், முதுகை நன்றாகத் தூக்கிப் பிடித்து, சர் சர் என்று பத்து இழுப்பு இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் ஏணியில் ஏறிச் சிரைத்தாள். ஆணையர் கீழே நின்று கைதட்டினார். கத்தி கொத்துக் கொத்தாகப் பிடுங்கியது, அவள் ஒவ்வொரு இழுப்புக்கும், "பொறுத்துக்கிடுங்கப்பா, இந்த ஒரு தடவைதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததை மாடத்தி கேட்டாள். திங்கட்கிழமை காலை பந்தல், ஒலிபெருக்கி, நாதஸ்வரம் எல்லாம் தயாராக இருந்தபோது தாடி இரண்டாவது பொத்தானில் ஆடிக்கொண்டிருந்தது. வந்த பெரியவர்கள் மாலையைத் தாடிக்கு மேலே போடுவதா, தாடியை எடுத்து மாலைக்கு மேலே விடுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். ஆணையரின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும். புதன்கிழமை பீடத்தை உடைத்தார்கள்.

குப்பை அள்ளுகிற டிராக்டரில் வைக்கோல் பரப்பி சேர்மனை மல்லாக்கப் படுக்கவைத்து, மாடத்தி கொடுத்த கதம்பத்தை மார்பில் போட்டு, பிள்ளையார்கோயில் தெருவுக்குக் கொண்டுபோனோம். அவர் செத்த அன்றைக்கு எவ்வளவு பேர் போனோமோ அவ்வளவு பேர் பின்னால் போனோம், ஆனால் யாரும் அழவில்லை, வேறு ஒருத்தர் வீட்டுச் சாமானை இவ்வளவு நாளாகத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு போனோம். அக்கா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஆறரை அடிச் சிலை பின்கட்டு அறைக்குள் நுழையவில்லை. கதவைக் கழற்றிவிட்டு உள்ளே நிறுத்தினார்கள். கொத்தனார் கதவை மறுபடி மாட்டப்போனபோது, அது இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் எல்லோருக்கும் பாயசம் கொடுத்தாள். நாங்கள் அந்த வீட்டுக்குள் அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்கார்ந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மாடத்தி பூவோடு போனபோது, பின்கட்டில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால், கதவில்லாத வாசலிலிருந்து விழுந்த வெயிலில், சேர்மன் தாடியோடு நின்றுகொண்டிருந்தார். ஜாடியில் பட்ட காயமெல்லாம் கல்லில் தீர்ந்து, கத்தி அந்தச் சத்தத்துக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது, அவள் நிறுத்தவில்லை. மாடத்தி பூவை மாடத்தில் வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தாள்.

"என்னக்கா, சோப்பு கரைக்கட்டுமா?" என்று கடைசியில் கேட்டாள். "மணி எட்டாகப் போகுது. சவரம் பண்ணலையா?"

அக்கா கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்து, மடக்கி, தகரப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"எதுக்கு மாடத்தி," என்றாள். "அப்பா இன்னைக்கு வெளிய போகல."